தேடல் சொல்லை யார் எழுதுவது? தோட்டப்புறச் சேவை மையத்தில் ஏஐ உதவியாளருக்கு இணையத் தேடல் கொடுத்த அனுபவம்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மலேசியாவின் பேரா மாநிலத்தில் தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய ஊர். தோட்டத்தின் பழைய ஆயாக் கொட்டகையை (குழந்தைகள் காப்பகத்தை) சுத்தம் செய்து, வாரத்தில் இரண்டு மாலை ஒரு சேவை மையம் நடத்துகிறோம். ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், படிவம் 6 முடித்துப் பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண், கணினி வேலை பார்க்கும் நான் என மொத்தம் நான்கு பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது.

வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு கடிதத்தோடு வருவார்கள். ஈபிஎஃப் (சேமநிதி) கடிதம், சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பாரம், எஸ்டிஆர் உதவித்தொகை விண்ணப்பம், பிள்ளையின் பள்ளிக் கடிதம், சம்பளச் சீட்டு. எல்லாம் மலாயில் இருக்கும். வயதானவர்கள் பலருக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும், சிலருக்கு அதுவும் வராது. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொல்ல ஒருவர் வேண்டும். ஒரு மாலையில் இருபது பேர் வந்துவிட்டால் நால்வரால் சமாளிக்க முடிவதில்லை.

அதற்காகத்தான் 2025 ஜூனில் ஒரு பழைய கணினியை வாங்கி, 12 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் அட்டை ஒன்றைப் போட்டு, அதிலேயே ஓடும் ஏஐ மாடல் ஒன்றை அமைத்தோம். மாடல் கூகுளின் ஜெம்மா 3, 12 பில்லியன் அளவு. அதை ஓட்டுவது ஒல்லாமா, பேசும் திரை ஓப்பன் வெப்யூஐ. வெளியே உள்ள பெரிய நிறுவனங்களின் ஏஐ-யைப் பயன்படுத்தாததற்குக் காரணம் ஒன்றுதான். வருகிறவர்களின் தாள்களில் ஐசி நம்பர் (அடையாள அட்டை எண்) இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, நோய் விவரம் இருக்கிறது. எங்களை நம்பிக் கொடுக்கும் தாள் அந்தக் கொட்டகையைத் தாண்டக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம்.

மலாய்க் கடிதத்தை எளிய தமிழில் சொல்வதில் மாடல் நன்றாகவே உதவியது. தமிழ் கொஞ்சம் தமிழ்நாட்டுச் செய்தித்தாள் வாடையோடு இருக்கும், ஆனால் புரியும்.

## முதல் தவறு

ஜூலையில் ஒரு அக்கா வந்தார். குத்தகைக்காரர் ஒருவரிடம் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. சம்பளச் சீட்டில் 1,500 வெள்ளி (ரிங்கிட்). "தங்கச்சி, இந்தச் சம்பளம் சரிதானான்னு கேட்டுச் சொல்லுமா" என்றார். படிவம் 6 பெண் மாடலிடம் கேட்டார். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி, 2022 மே 1 முதல் நடப்பில் உள்ளது, எனவே சம்பளம் சரி என்று மாடல் தெளிவாகச் சொன்னது. அக்கா நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை கிராணி ஐயா பதிவேட்டைப் புரட்டியபோது அந்த வரியில் விரலை வைத்தார். "இது பழைய கணக்கு. பிப்ரவரியிலிருந்து ஆயிரத்து எழுநூறு."

அவர் சொன்னது சரி. 1,700 வெள்ளி என்பது 2024 அக்டோபர் 18-ஆம் தேதி வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஐந்து பேருக்கும் அதற்கு மேலும் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. ஐந்துக்குக் குறைவானவர்களை வைத்திருப்போருக்கு ஆகஸ்டு 1 வரை தவணை. டன் கணக்கிலோ வேலைக் கணக்கிலோ கூலி வாங்குகிறவர்களுக்கும் மாதச் சம்பளம் அந்த அளவுக்குக் குறையக்கூடாது. இந்தக் கடைசி விஷயம் தோட்டத்தில் பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் குத்தகைக்காரரிடம் வேலை செய்தவர்கள் பதினொரு பேர்.

மாடல் ஏன் தவறியது என்பதும் புரிந்தது. ஜெம்மா 3 கற்ற தகவல் 2024 ஆகஸ்டோடு நிற்கிறது. அறிவிப்பு வந்தது அக்டோபரில். தெரியாததைத் தெரியாது என்று அது சொல்லவில்லை, பழையதை இன்றைய நிலவரம் போலச் சொன்னது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. பதில் அவ்வளவு உறுதியாக இருந்தது.

கிராணி ஐயா அன்று மாலையே அக்காவின் வீட்டுக்கு நடந்து போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.

## என்ன முடிவு செய்தோம், ஏன்

மாடலை அப்படியே விட்டுவிடலாமா என்று பேசினோம். ஆசிரியை ஒரு நல்ல கேள்வி கேட்டார்: கடிதத்தை விளக்க மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா? போதாது என்று தோன்றியது. ஒரு கடிதத்தைப் படித்தவுடன் வரும் அடுத்த கேள்வியே "இப்போ என்ன விதி?" என்பதுதான். அதைத் தடுக்க முடியாது. ஆகவே மாடலுக்கு இணையத்தில் தேடும் வழி வேண்டும்.

கட்டணத் தேடல் சேவைகளைப் பார்த்தோம். கூகுளின் தேடல் ஏபிஐ (நிரல்கள் தேடல் முடிவைக் கேட்டு வாங்கும் வழி) அப்போது ஒரு நாளைக்கு 100 தேடல் இலவசமாகத் தந்தது. மைக்ரோசாப்டின் பிங் தேடல் ஏபிஐ 2025 ஆகஸ்டு 11-ஆம் தேதியோடு மூடப்படுகிறது என்று அறிவித்திருந்தார்கள். அது எங்களுக்கு ஒரு பாடமாக இருந்தது: ஒருவருடைய கதவை நம்பி அமைத்தால், அவர் மூடும்போது நாமும் வெளியே நிற்போம். மற்ற சிலவற்றுக்குக் கடன் அட்டை பதிய வேண்டும். மையத்துக்கு அட்டை இல்லை, ஒருவரின் சொந்த அட்டையைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைசியில் சர்க்ஸ்என்ஜி-யைத் தேர்ந்தெடுத்தோம். இது சர்க்ஸ் என்ற பழைய திட்டத்திலிருந்து 2021-இல் பிரிந்து வளர்ந்த திறந்தமூல மென்பொருள். சொந்தமாக எதையும் தேடி வைத்துக்கொள்ளாது. நாம் ஒரு சொல்லைக் கொடுத்தால் கூகுள், பிங், டக்டக்கோ, விக்கிப்பீடியா போன்ற பல தேடுபொறிகளிடம் கேட்டு, முடிவுகளைத் திரட்டித் தரும். கட்டணம் இல்லை, பதிவு இல்லை, குக்கீ போகாது.

மாடல் தானாகவே கருவிகளை அழைக்கும் எம்சிபி முறை 2024 நவம்பரிலிருந்து பரவி வருவது தெரியும். ஆனால் எங்கள் மாடல் அதில் திறமையானதல்ல. ஓப்பன் வெப்யூஐ-யிலேயே தேடல் வசதி இருந்ததால் அதோடு இணைத்தோம். உடைந்தால் பழுதுபார்க்க நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்பதும் ஒரு காரணம்.

## அமைத்தபோது பட்டவை

மென்பொருளைத் தனிப் பெட்டியில் வைத்து ஓட்டும் டாக்கரில் சர்க்ஸ்என்ஜி-யை ஏற்றுவது அரை மணி நேர வேலை. அப்புறம் இரண்டு மாலைகள் போயின.

முதலில் எல்லாத் தேடலுக்கும் 403 என்று மறுப்பு வந்தது. உலாவியில் திறந்தால் சர்க்ஸ்என்ஜி நன்றாக வேலை செய்கிறது, மாடல் கேட்டால் மட்டும் மறுக்கிறது. காரணம் எளியது: முடிவுகளை, நிரல்கள் படிக்கும் ஜேசன் வடிவில் தருவது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் வடிவங்களின் பட்டியலில் எச்டிஎம்எல் மட்டும் இருக்கிறது, கீழே ஜேசனையும் சேர்த்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதே கோப்பில் ரகசியச் சாவியையும் மாற்ற வேண்டும். டாக்கர் வழியாகத் திறக்கும் போர்ட் (இணைப்பு வாசல்), லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ என்ற பாதுகாப்புத் தடுப்பைத் தாண்டிப் போய்விடும் என்பதால், போர்ட்டை 127.0.0.1 என்ற உள்முகவரியோடு மட்டும் கட்டினேன்.

அடுத்தது, தேடல் நடந்தும் மாடல் பழைய பதிலையே சொன்னது. ஒல்லாமா இயல்பாகக் கொடுத்திருந்த நினைவு இடம் 4,096 டோக்கன் (சொல் துண்டுகள்). மூன்று இணையப் பக்கங்களைக் கொட்டினால் அது நிரம்பி, ஒரு பகுதி சத்தமில்லாமல் வெட்டுப்பட்டுவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அளவை 16,384-க்கு உயர்த்தியதும் 1,700 என்ற எண் முதல்முறையாகத் திரையில் வந்தது. இதைச் சோதிக்காமல் "தேடல் வைத்தும் பயனில்லை" என்று கைவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

## தமிழில் தேடினால் தமிழ்நாடு

ஆகஸ்டு முதல் வாரம் பயன்பாட்டுக்கு விட்டோம். தமிழில் கேட்டால் மாடல் தமிழிலேயே தேடல் சொல்லை உருவாக்கியது. "தோட்டத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளம்" என்று தேடியதற்கு நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் தினக்கூலிச் செய்திகள் வந்து குவிந்தன, ரூபாய்க் கணக்கில். ஒரு முறை மாடல் அந்த ரூபாயையே வெள்ளி என்று மாற்றி எழுதியது.

இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. இணையத்தில் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பங்கு தமிழ்நாட்டையும் இலங்கையையும் சேர்ந்தது. நம் நாட்டு விதிகள் பெரும்பாலும் மலாயில் எழுதப்படுகின்றன. கேள்வி தமிழில் இருந்தாலும் தேடல் மலாயில் போக வேண்டும். "காஜி மினிமம் 2025 லாடாங்" (குறைந்தபட்சச் சம்பளம் 2025 தோட்டம்) என்று மலாய் எழுத்தில் தேடினால் முதல் பக்கத்திலேயே அரசுத் தளங்கள் வருகின்றன. தேடல் சொல்லை மலாயில் உருவாக்கும்படி மாடலுக்கு அறிவுறுத்தல் எழுதினேன். சர்க்ஸ்என்ஜி-யில் குறிப்பிட்ட தளங்களை மேலே ஏற்றும் வசதி உண்டு, அதில் மலேசிய அரசுத் தளங்களின் முகவரி முடிவைச் சேர்த்தேன். இந்த இரண்டு மாற்றங்கள் செய்த உதவியை வேறு எதுவும் செய்யவில்லை.

அப்படியும் ஒரு தவறு நடந்தது. மளிகைக் கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி, கடையில் மொத்தம் மூன்று பேர், தனக்கு 1,700 உண்டா என்று கேட்டார். இல்லை, ஐந்து பேருக்குக் குறைந்த கடைகளுக்கு விலக்கு என்று பதில் வந்தது. அன்று ஆகஸ்டு 9. தவணை முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. மாடல் எடுத்த பக்கங்களில் ஒன்று 1,500 வெள்ளி காலத்தியது. அப்போதும் சிறிய முதலாளிகளுக்கு 2023 ஜூலை 1 வரை இதே போன்ற தவணை கொடுத்திருந்தார்கள். இரண்டு காலத்துத் தவணைகளையும் மாடல் ஒன்றாகப் பிசைந்துவிட்டது. தேடல் புதிய பக்கத்தோடு பழைய பக்கத்தையும் கொண்டுவரும். எது எப்போது எழுதப்பட்டது என்று மாடல் தானாகப் பார்ப்பதில்லை.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்தோம். பணம், தேதி, தகுதி பற்றிய பதில் எதுவானாலும், தன்னார்வலர் மூலப் பக்கத்தைத் திறந்து தேதியைப் பார்த்துவிட்டுத்தான் வாயால் சொல்வார்.

## ஐசி நம்பர் வெளியே போன மாலை

இதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

ஆகஸ்டு நடுவில் ஒரு பாட்டி எஸ்டிஆர் பற்றிய கடிதத்தோடு வந்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது, மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆசிரியை கடிதம் முழுவதையும் தட்டச்சு செய்து, தேடல் பொத்தானும் எரிந்துகொண்டிருக்க, "இதற்கு எப்படி மேல்முறையீடு செய்வது?" என்று கேட்டார்.

பதில் நன்றாகவே வந்தது. பதிலுக்கு மேலே, தேடிய சொற்கள் சிறிய எழுத்தில் தெரியும். ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மூன்று தேடல்கள். முதலாவது மேல்முறையீட்டு முறை. இரண்டாவதில் பாட்டியின் முழுப் பெயரும் ஐசி நம்பரும். மூன்றாவதில் ஐசி நம்பரோடு "ஸ்டேட்டஸ்" என்ற சொல்.

மாடலுக்கு அது இயல்பான வேலை. விண்ணப்பத்தின் நிலையை அறிய எண்ணைத் தேட வேண்டும் என்று நினைத்திருக்கிறது. ஆனால் நம் ஐசி நம்பரின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பெயரோடு சேர்ந்து அது நான்கு தேடுபொறிகளுக்குப் போய்விட்டது. திரும்ப அழைக்க வழி இல்லை.

இங்கேதான் நான் தவறாகப் புரிந்துவைத்திருந்ததை உணர்ந்தேன். மென்பொருள் நம் கணினியில் ஓடுகிறது என்பதால் தேடலும் நமக்குள்ளேயே இருக்கிறது என்று மனத்துக்குள் நினைத்திருந்தேன். சர்க்ஸ்என்ஜி குக்கீயை மறைக்கும், உலாவியின் அடையாளத்தை மறைக்கும். தேடல் சொல்லை மறைக்காது, மறைக்கவும் முடியாது, அதைக் கொடுத்தால்தானே தேடுபொறி பதில் தரும். பலர் பயன்படுத்தும் பொதுத் தளமாக இருந்தால் யார் தேடினார் என்பதாவது கூட்டத்தில் கலந்துவிடும். எங்கள் கொட்டகையில் ஒரே இணைப்பு, ஒரே முகவரி. மறைந்துகொள்ளக் கூட்டமே கிடையாது.

பாட்டி இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "பாட்டி, உங்க கடிதத்தைப் பாக்கும்போது எங்க கை தவறி உங்க பேரும் ஐசி நம்பரும் வெளிய போயிடுச்சு. எங்க தப்புதான். யாராவது ஃபோன் பண்ணி உங்க பேரையும் நம்பரையும் சொல்லி, பேங்க்னோ கவர்மெண்டுனோ சொன்னா ஒண்ணும் சொல்லாதீங்க, எங்களக் கூப்பிடுங்க." பாட்டி கேட்டார்: "என் காசு வருமா வராதா?" மேல்முறையீட்டை அன்றே முடித்துக் கொடுத்தோம். அவருடைய மகளுக்கும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) விவரத்தை எழுதி அனுப்பினோம்.

தேடலை அன்றிரவே அணைத்தேன்.

## திரும்பத் திறந்த விதம்

ஒன்பது நாள் தேடல் இல்லாமல் நடத்தினோம். அதற்குள் இரண்டு வழிகளைப் பேசினோம்.

நான் முதலில் யோசித்தது வடிகட்டி. ஓப்பன் வெப்யூஐ-க்கும் சர்க்ஸ்என்ஜி-க்கும் நடுவே சின்ன நிரல் ஒன்று, பன்னிரண்டு இலக்கம் கோடோடோ கோடில்லாமலோ வந்தால் தடுத்துவிடும். எழுதினேன், வேலை செய்தது. ஆனால் பெயரை எப்படித் தடுப்பது? "த/பெ", "ஏ/எல்", "ஏ/பி" (இன்னாரின் மகன், மகள் என்ற குறிகள்) வந்தால் தடுக்கலாம், எல்லோரும் அப்படி எழுதுவதில்லை. தோட்டத்தின் பெயரும் நோயின் பெயரும் சேர்ந்தாலே அந்த ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வடிகட்டி நம்மைக் கவனக்குறைவாக்கிவிடும் என்று கிராணி ஐயா சொன்னார். அவருடைய வழி வேறு: தேடல் சொல்லை மனிதர் எழுதட்டும்.

அதையே செய்தோம். மாடல் தானாகத் தேடல் சொல்லை உருவாக்கும் வசதியை ஓப்பன் வெப்யூஐ-யில் அணைக்கலாம். அணைத்துவிட்டால் நாம் தட்டச்சு செய்வது அப்படியே தேடலுக்குப் போகும். கடிதத்தை விளக்க ஒரு கணக்கு, அதில் தேடலே கிடையாது. விதியைத் தேட இன்னொரு கணக்கு, அதில் யாருடைய தாளையும் இடுவதில்லை. திரையின் நிறத்தையும் மாற்றிவைத்தோம், கடிதத்துக்கு வெள்ளை, தேடலுக்குக் கறுப்பு. வடிகட்டியையும் எடுக்கவில்லை, பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது மெதுவான முறை. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகிறது. ஆனால் கேட்கிறவரிடம் "உங்க முதலாளிகிட்ட எத்தனை பேர் வேலை செய்றாங்க?" என்று தன்னார்வலர் கேட்டால்தான் தேடல் சொல்லை எழுத முடியும். அந்தக் கேள்வியை மாடல் ஒருபோதும் கேட்டதில்லை.

## பிறகு நடந்தவை

உதிரிப் பழம் பொறுக்கும் அக்காவோடு கிராணி ஐயா குத்தகைக்காரரிடம் போனார். கையில் 2024 குறைந்தபட்சச் சம்பள ஆணையின் அச்சுப் பிரதி. பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை ஆறு மாதம், மாதம் 200 வெள்ளி குறைவு, மொத்தம் 1,200 வெள்ளி. தொழிலாளர் இலாகாவுக்குப் போகத் தயார் என்று சொன்ன பிறகு, மூன்று தவணையில் தர ஒப்புக்கொண்டார், தந்தும் முடித்தார். மற்ற பத்துப் பேரில் ஆறு பேர் பிறகு மையத்துக்கு வந்தார்கள்.

செப்டம்பரில் இரண்டு நாள் தேடல் முடிவுகள் வறண்டுபோயின. தேடுபொறிகள் எங்களை இயந்திரம் என்று சந்தேகித்து கேப்ச்சா கேட்டிருந்தன, அப்படிக் கேட்டால் அந்தப் பொறியை சர்க்ஸ்என்ஜி ஒரு நாள் ஒதுக்கிவைக்கும். முடிவே வராதபோது மாடல் பேசாமல் பழைய நினைவிலிருந்து பதில் சொன்னது. இதுவும் ஆபத்துதான். பதில் சொல்லாத பொறிகளின் பட்டியல் ஜேசனிலேயே வருகிறது, இப்போது அது காலியாக இல்லாவிட்டால் நடுவில் உள்ள நிரல் ஓர் எச்சரிக்கை வரியைச் சேர்க்கிறது.

மாத இறுதியில் பெட்ரோல் கேள்விகள் வந்தன. ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி என்ற பூடி95 திட்டம், எஸ்டிஆர் பெறுவோருக்கு 28-ஆம் தேதியும் மற்றவர்களுக்கு 30-ஆம் தேதியும் தொடங்கியது. செல்லுபடியாகும் லைசென்ஸ் தேவைப்பட்டது, அப்போது மாதத்துக்கு 300 லிட்டர் வரை கிடைத்தது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களில் லைசென்ஸ் காலாவதியானவர்கள் நிறைய. அந்த வாரம் மையம் நிரம்பி வழிந்தது, தேடலோடு கூடிய பதில்கள் எல்லாம் மூலப் பக்கத்தோடு ஒத்துப்போயின.

## மறுபடி செய்தால்

தேடலை இணைத்த முதல் நாளே, தேடல் சொற்களின் பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு கற்பனைக் கடிதம் ஒன்றைக் கொடுத்துச் சோதித்திருப்பேன். பொய்ப் பெயர், பொய் ஐசி நம்பர். ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பாட்டியின் கடிதம் எங்கள் சோதனைத் தாளாகியிருக்காது.

வருகிறவர்களிடம் சொல்லும் வாசகத்தையும் மாற்றிவிட்டோம். முன்பு "எதுவும் வெளிய போகாது" என்று சொல்வோம். இப்போது "உங்க தாள் வெளிய போகாது, நாங்க எழுதுற கேள்வி மட்டும் போகும், அதை நீங்களே பாக்கலாம்" என்று சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டுகிறோம்.

இணையப் பக்கங்களில் மாடலை ஏமாற்றும் கட்டளைகளை ஒளித்துவைக்க முடியும் என்பதற்கு இன்னும் முழுத் தடுப்பு செய்யவில்லை. தேடல் கணக்கில் தாள் எதுவும் இல்லாததால் அங்கிருந்து திருட எதுவுமில்லை என்பதே இப்போதைய பாதுகாப்பு. அடுத்து மாடலைப் புதியதாக மாற்றும் திட்டம் இருக்கிறது. அதற்கு முன் பன்னிரண்டு சோதனைக் கேள்விகளை கிராணி ஐயா கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார், மூன்று பேர் கடையில் வேலை செய்யும் தம்பியின் கேள்வி அதில் நான்காவது.